நானூற்று எண்பது கிலோவுக்கு முறுக்கிய மட்கார்டு

கொட்டாம்பாறை மலைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்ல மாட்டேன். தேய்ந்துவிடுமோ என்று அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரின் ஒரே ஜீப் சடையாண்டியுடையது. உயரமாகத் தெரிய வேண்டும் என்று பெரிய டயராக மாட்டியிருந்தான். டயர் மட்கார்டைத் தாண்டி நாலு விரல் வெளியே நின்றது. மழைக்காலத்தில் சக்கரம் வாரியிறைக்கிற சேறெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான்.

அவன் தங்கை ஒச்சம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வெள்ளையும் சொள்ளையுமாக அந்த ஜீப்பில் ஏறினார்கள். மூன்றாவது வளைவில் யார் மாப்பிள்ளை, யார் மாப்பிள்ளையின் அப்பா என்று தெரியவில்லை. நான்காவது வளைவில் இறங்கி, நடந்தே திரும்பிவிட்டார்கள்.

வேறொரு இடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

"இவுங்களும் பாதியில திரும்பினா எனக்கு இனிமே மாப்பிள்ளையே பாக்காதண்ணே. உன் ஜீப்புக்கே கழுத்த நீட்டுறேன்" என்றாள் ஒச்சம்மாள்.

சடையாண்டி பயந்துபோய் டவுனுக்கு ஓடி, மட்கார்டு விளிம்பில் பொருத்துகிற அகலமான கறுப்புப் பட்டைகள் நாலு வாங்கி வந்தான். கூடவே எப்படிப் பொருத்துவது என்று அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார்கள். கூட்டாளிகள் மொக்கராசுவும் பவுன்ராசுவும் வந்து நின்றார்கள். பவுன்ராசு வாசித்தான்.

"இது இருவர் செய்ய வேண்டிய வேலை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓராளு கூடுதலா இருக்கோமே மச்சான்."

"வண்டி என்னுது. நானே விட்டுக் குடுக்குறேன்" என்று சடையாண்டி பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தே, "நான் இல்லடா, நடத்துங்க!" என்று கத்தினான்.

அடுத்த வரிதான் முக்கியம். "வழக்கமாக ஏறும் பாரத்தை ஏற்றி வைத்து, டயர் உரசாத உயரம் பார்த்து போல்ட்டை முறுக்கவும். பிறகு பாரத்தை மாற்ற வேண்டாம்."

வழக்கமாக ஏறுகிற எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். துளை போட்டு, பட்டையைப் பொருத்தி, கடைசி போல்ட்டை முறுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆனது. எட்டுப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

"உக்காருங்க!" என்று அலறினான் மொக்கராசு. "பாரம் மாறிரும்!"

"எப்பய்யா இறங்குறது?"

"தாள்ல இறங்குறதப் பத்தி ஒண்ணும் போடல."

ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்கண்ணே உக்காருவாங்க? இவுங்க மடியிலயா?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். தாளில் பாரம் என்றுதான் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. மிளகு வியாபாரியின் தராசை வாங்கி வந்து, ஒவ்வொருவராக இறக்கி நிறுத்தார்கள். மொத்தம் நானூற்று எண்பது கிலோ. சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் தாளும் அப்படித்தானே சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். எதிரே தராசு.

"எங்கள எதுக்குய்யா மூட்டை மாதிரி நிறுக்கிறீங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"மரியாதைதான் அத்தை. ஏறி நில்லுங்க."

ஏழு கிலோ குறைந்தது. ஏழு கிலோவில் ஒரு பூசணிக்காய் வாங்கி மாப்பிள்ளையின் மடியில் வைத்தார்கள். ஜீப் மலையேறியது. பத்தொன்பது வளைவிலும் சேறு பட்டையில் மோதிக் கீழேயே விழுந்தது. மேலே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தன் சேலைக் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு சேறு இல்லை. அப்போதே பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தாள்.

பூ வைத்து, விருந்தும் முடிந்து, கிளம்புகிற நேரம். மறுபடி தராசு வந்தது.

"எட்டு கிலோ கூடுது மச்சான்" என்றான் மொக்கராசு கவலையாக.

"அந்தப் பூசணிக்காய இறக்கிருங்கய்யா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அதத்தான் கூட்டு வச்சோம் மாமா. இப்ப உங்க ஏழு பேருக்குள்ளயும் இருக்கு."

செரிக்கட்டும், காலையில் போகலாம் என்று முடிவானது. ஆனால் சம்பந்தம் பேச வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா? ராத்திரி கோழி அடித்தார்கள். காலையில் பத்து கிலோ கூடுதல். மதியம் கிடா. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவன் அப்பா ஓய்ந்துபோய், "கல்யாணத்தையும் இங்கயே முடிச்சிருங்கய்யா" என்றார்.

முடித்தார்கள். மறுநாள் பொண்ணு மாப்பிள்ளையோடு கிளம்ப வேண்டும். ஏழு பேரோடு ஒச்சம்மாளையும் சேர்த்து நிறுத்தார்கள். அறுபத்திரண்டு கிலோ கூடுதல்.

மூவரும் கூடிக் கூடிப் பேசினார்கள். பவுன்ராசு தாளைத் திரும்ப வாசித்தான். ஆளாளுக்கு எடை எழுதிய சீட்டை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்த சடையாண்டி முகம் மலர்ந்து நிமிர்ந்தான்.

"அத்தை சரியா அறுபத்திரண்டு. அவுங்க மட்டும் இங்கயே இருந்துட்டா மத்தவங்க எல்லாரும் கிளம்பலாம்."

மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மாள் ஜீப்பில் ஏறி, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாள்ல இருக்கிறபடிதாண்ணே செய்யணும்" என்றாள். "வண்டிய எடு."