காலிக் கல்லைப் பார்த்துக் காத்திருந்த சபை

மூன்று காடுகள் சேரும் இடத்தில் ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரிக்கு ஒரு சபையும் இருந்தது. முன்பு பெரிய காட்டுத்தீ வந்தபோது யானை, புலி, கரடி, காட்டெருமை நான்கும் சேர்ந்து அதை அணைத்தன. அதனால் சபையில் உட்கார ஆளுக்கொரு கல் கிடைத்தது. நான்கு தலையும் ஆடினால்தான் ஏரியில் யாரும் கைவைக்கலாம் என்று விதி வந்தது. அன்றைக்கு அது நல்ல விதிதான், நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு காட்டெருமை மலை தாண்டி வேறு புல்வெளிக்குப் போய்விட்டது. போய் ஏழு வருஷம் ஆயிற்று. சபை என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு முறையும் அந்தக் காலிக் கல்லைப் பார்த்து, கரடி நூறுவரை எண்ணும். கல் எங்காவது தலையாட்டுமா? "சம்மதம் இல்லை போலிருக்கிறது" என்று எல்லோரும் எழுந்து போவார்கள். ஏழு வருஷமாக ஒரு காரியமும் நடக்கவில்லை. இதில் பெருமை வேறு!

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. சாய்ந்த மரங்கள் வடிகாலை அடைத்துக்கொண்டன. ஏரித் தண்ணீர் கரையில் ஏறத் தொடங்கியது. கரை மணலுக்குள் ஆமையின் முட்டைகள் இருந்தன. முட்டையை எடுத்து இடம் மாற்றினால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும்.

ஆமை பதறிப்போய்ச் சபைக்கு வந்தது. "ஐயா, வடிகாலைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் முட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது."

யானை தலையாட்டியது. புலி ஆட்டியது. கரடியும் ஆட்டிவிட்டு, காலிக் கல்லைப் பார்த்து எண்ணத் தொடங்கியது. "ஒன்று, இரண்டு..."

ஆமை அந்தக் கல்லை நோக்கி நடந்தது. நாற்பதில் கல்லடிக்கு வந்தது. எழுபதில் பாதி ஏறி வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது. கரடி தொண்ணூற்றெட்டு என்றபோது ஆமை கல்லின்மேல் நின்று, கழுத்தை நீட்டித் தலையாட்டியது.

"இறங்கு!" என்று கத்தியது கரடி. "நீ தீயை அணைத்தாயா?"

"இல்லை. அப்போது நான் பிறக்கவே இல்லை. இப்போது இந்தக் கரையில் குடியிருப்பது நான்தான்."

யானை முணுமுணுத்தது. "இன்றைக்கு இவள் ஏறினாள். நாளைக்கு என் கல்லையும் யாராவது கேட்பார்களே."

"கேட்கத்தான் கேட்பார்கள், ஐயா. நீங்கள் இறங்கி வேலை செய்தால் அவர்களே உங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்" என்றது ஆமை.

புலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு தலையும் ஆடிவிட்டதே, இன்னும் என்ன?"

யானைக்கு வெட்கமாக இருந்தது. கல்லைவிட்டு இறங்கி நேரே வடிகாலுக்குப் போய், அடைத்திருந்த மரங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது.

மறுவாரம் சபை புது விதி போட்டது. ஏரித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் எல்லோரும் முறைவைத்துச் சபையில் உட்காரலாம், வராதவருக்காக எண்ணுவது கிடையாது. கரடி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு காலையில் மணலைப் பிளந்துகொண்டு பதினெட்டு ஆமைக்குஞ்சுகள் ஏரிக்கு ஓடியபோது, அதுவே ஒதுங்கி வழிவிட்டது.

நேற்று செய்த நன்மைக்காகக் கிடைத்த இடம், இன்று வாழ்கிறவர்களுக்குப் பயன்பட்டால்தான் நிலைக்கும்.