மாரித்தங்கத்தின் துக்க விடுப்பு

மூன்று பேர் ஒருத்திக்கு நல்லது செய்யப் போனார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. குழந்தைகள் காப்பகம், இலவச டீ, சனிக்கிழமை வந்து மனக்குறை கேட்கும் டாக்டரம்மா எல்லாம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. எதுவும் சும்மா வரவில்லை, தொழிலாளர்கள் மல்லுக்கட்டி வாங்கியது.

அங்கே தையல்காரி மாரித்தங்கம். புருஷன் செத்து, சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊரில் காரியம் முடித்துத் திரும்பினாள். விடுப்பு இன்னும் பாக்கி இருக்க, மறுநாளே கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். அழவில்லை. யார் என்ன சொன்னாலும் "ம்" என்றாள்.

வெல்ஃபேர் மேடம் ஹேமமாலினி பதறிப்போய், வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லி, கம்பெனி செலவில் ஆட்டோ பிடித்து அனுப்பினார். மாரித்தங்கம் தெருமுனையில் இறங்கி, சரக்கு ஏற்றும் வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் தண்டபாணிக்குப் பரிதாபம். வேலையில் இருந்தால் கவலை மறப்பாள் என்று மெஷினில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஊசி விரலில் இறங்கியது. அவள் கையை இழுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்புப் பரவ, அதையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மெஷின் ரெஜினாதான் சுவிட்சை அணைத்தாள். விரலில் துணி சுற்றிவிட்டு, "ஏட்டி, ரூம்ல இருந்தா என்ன?" என்று கேட்டாள்.

"அங்க சத்தமே இல்லக்கா. ஃபேன் மட்டும் ஓடுது."

தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டும் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் மாமியாரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா அவளை அங்கே கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்தாள். கத்தரி மட்டும் கொடுக்காதீர்கள் என்றாள். ஒருத்தியும் ஆறுதல் சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள், மாமியார் பேச்சு தொடர்ந்தது. அதற்குள் ரெஜினா இல்லாமல் அவள் தைக்கும் லைன் முழுதும் நின்றுபோனது.

முதலாளி மூவரையும் கூப்பிட்டார். விடுப்பில் இருப்பவள் உள்ளே இருக்கக் கூடாது என்று மேடம் விதியைச் சொன்னார். தண்டபாணி பரிதாபத்தைச் சொன்னார். ரெஜினா, "அவ அங்கனயே இருக்கட்டும் சார்" என்றாள். மாரித்தங்கத்தை வெளியே அனுப்புவதா, விடுவதா என்று முதலாளி இழுத்தார்.

இப்போது சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா. மேடம் விதியில் இருந்ததைக் கொடுத்தார், தண்டபாணி தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். ஏன் வந்தாய் என்று அவளைக் கேட்டது ஒருத்திதான். மரத்துப்போன கைக்குக் கத்தரி ஆகாது என்று தெரிந்ததும் அவளுக்குத்தான். விடுப்பு நல்லதுதான், ஆளை வெளியே தள்ள அதை வாங்கவில்லை. சம்பளத்தோடு, வேலை செய்யாமல், அந்த வட்டத்தில் அவள் உட்காரலாம் என்று முதலாளி சொல்லட்டும். முடியாதென்றால், இதுவரை நின்றது ஒரு லைன்தான்.