குருவை எதிர்த்து ஓர் அரையிறுதி

இசோகாயிடம் பேஸ்பால் படித்தவர்கள் அந்த வட்டாரம் முழுக்க இருந்தார்கள். மீன் சந்தையில் இருந்தார்கள், வங்கியில் இருந்தார்கள், ஒருவன் பல் மருத்துவனாகக்கூட ஆகியிருந்தான். ஆனால் அவரைப் போலவே ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சியாளனானவன் நாகுமோ மட்டும்தான்.

அந்தக் கோடையில், மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளுக்கான போட்டியின் அரையிறுதியில் குருவும் சீடனும் எதிரெதிரே வந்து நின்றார்கள். துறைமுகத்துப் பள்ளி இசோகாயுடையது. மலையடிவாரத்துப் பள்ளி நாகுமோவுடையது. இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் கோஷியென் மைதானம். ஜப்பானில் மட்டை பிடிக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் அங்கே ஒருமுறை ஆட வேண்டும் என்பான். தோற்றால் அந்த வருடம் அன்றோடு சரி.

இசோகாய்க்கோ அந்த வருடம் மட்டுமல்ல. அவருக்கு அறுபத்தைந்து முடிந்துவிட்டது. இந்தப் போட்டியோடு ஓய்வு. முப்பத்தெட்டு வருடப் பயிற்சியில் இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். கோஷியெனில் அவர் அணி ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

யாரோடு ஆட்டம் என்று தெரிந்த நாளிலிருந்து நாகுமோ சரியாகச் சாப்பிடவில்லை.

ஆட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. பேஸ்பாலில் மட்டை பிடித்தவன் மூன்று தளங்களையும் சுற்றி, அடித்த இடமான ஹோமுக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் அவனுடைய அணித்தலைவன் மாகி பக்கத்தில் வந்து, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் எதிரணிப் பையனைக் காட்டி மெதுவாகச் சொன்னான்.

"அவர்களுடைய கேட்ச்சருக்குக் கை மந்தம். பந்தைப் பிடித்து எறிவதற்குள் நாங்கள் அடுத்த தளத்துக்கு ஓடிவிடலாம். ஓடட்டுமா?"

"இப்போது வேண்டாம்," என்றான் நாகுமோ.

நான்காவதில் மாகி மறுபடியும் கேட்டான். நாகுமோ மறுபடியும் அதையே சொன்னான். ஐந்தாவதில் மாகி கேட்கவில்லை. துறைமுகத்துப் பள்ளி இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தது. நாகுமோவின் பையன்கள் பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு நீண்ட நடைவழி இருந்தது. ஒரு கோடியில் ஓர் அணியின் அறை, மறு கோடியில் மற்றதன் அறை. நடுவே குளிர்பான இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் அருகில் இசோகாய் கையுறையோடு தனியாக நின்றார்.

நாகுமோ போய்க் குனிந்து வணங்கி, ஆசிரியரை அழைக்கும் பழைய சொல்லாலேயே அழைத்தான்.

"சென்செய், ஒன்று கேட்கலாமா?"

"கேள்."

"இன்றைக்கு உங்களை நான் ஜெயிப்பது சரியா?"

இசோகாய் பைக்குள்ளிருந்து ஒரு பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பதினைந்து அடி பின்னால் நடந்து போய், கையுறையை நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

"எறி."

நாகுமோ எறிந்தான். எதிரே நிற்பவர் வயதானவர், போன வருடம் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பந்து பூப்போலப் போனது. இசோகாய் கையுறையைச் சற்றே விலக்கினார். பந்து அவரைத் தாண்டி விழுந்து, நடையின் கோடி வரை உருண்டு ஓடியது.

"எடுத்து வந்து எறி."

நாகுமோ ஓடிப்போய் எடுத்து வந்தான். இன்னும் பார்த்து, இன்னும் மெதுவாக எறிந்தான். இசோகாய் மறுபடியும் விலக்கினார்.

"எடுத்து வந்து எறி."

நான்கு முறை ஆயிற்று. அறைக் கதவுகளின் வழியாகப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பள்ளிப் பையன்களும் பார்க்க, முப்பத்தாறு வயது நாகுமோ புதிதாகச் சேர்ந்தவனைப் போலப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். ஐந்தாவது தடவை குனிந்தபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பினான், காலை எடுத்து வைத்தான், முழுத் தோளையும் போட்டு எறிந்தான்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பந்து கையுறைக்குள் இருந்தது.

இசோகாய் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை சிவந்திருந்தது. அதை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"மழை விட்டுவிட்டது," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நாகுமோ தன் அறைக்குப் போய் மாகியைக் கூப்பிட்டான்.

"அந்தக் கேட்ச்சருக்குக் கை மந்தம் என்றாயே."

"ஆமாம்."

"ஓடுங்கள்."

மாகி காதுவரை சிரித்தான்.

அதன் பிறகு நடந்தது வேறு ஆட்டம். ஈர மண்ணில் நாகுமோவின் பையன்கள் ஓடினார்கள், சறுக்கினார்கள், இடுப்பு வரை சேற்றோடு எழுந்தார்கள். ஏழாவதில் ஒரு ஓட்டம் கிடைத்தது. இசோகாயும் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கேட்ச்சரை மாற்றினார். புதிதாக வந்தவன் அடுத்து ஓடிய இரண்டு பேரையும் வீழ்த்தினான். நாகுமோ உடனே ஓடுவதை நிறுத்தி அடிக்கச் சொன்னான். எட்டாவதில் இன்னொரு ஓட்டம். இரண்டுக்கு இரண்டு. ஒன்பதாவதில் துறைமுகத்துப் பையன்கள் மூன்று தளங்களையும் நிரப்பிக்கொண்டு நின்றார்கள்; ஒரு நல்ல அடி விழுந்தால் போதும். நாகுமோவின் பையன்கள் எப்படியோ தப்பித்தார்கள். எதிர்ப் பெஞ்சில் இசோகாய் சிரித்தபடி தொப்பியால் தொடையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நாகுமோ பார்த்ததில்லை. தானும் அப்படித்தான் இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கடைசியாக மட்டை பிடிக்கும் முறை மலையடிவாரத்துப் பள்ளிக்கு. ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி. கினோஷிதா என்ற பையன் இரண்டாம் தளம் வரை வந்துவிட்டான். அணியிலேயே குள்ளன், அதிகம் பேசாதவன். அடுத்து மட்டை பிடித்தவன் மாகி.

நாகுமோ பண்ட் போடச் சைகை காட்டினான். மட்டையைச் சுழற்றாமல் பந்துக்குக் குறுக்கே பிடித்து, மெல்லத் தரையில் இறக்கிவிடுவது அது. அடித்தவன் பெரும்பாலும் ஆட்டமிழப்பான். ஆனால் கினோஷிதா மூன்றாம் தளத்துக்குப் போய்விடுவான். அங்கிருந்து ஹோம் ஒரே எட்டுதான்.

மாகி அழகாக இறக்கினான். பந்து கோட்டோரமாக உருண்டது. துறைமுகத்தின் மூன்றாம் தளக்காரன் பாய்ந்து வந்து எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தான். மாகி அவுட். கினோஷிதா மூன்றாம் தளத்தை நெருங்கினான்.

நாகுமோ பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினான். நில்.

கினோஷிதா நிற்கவில்லை. தளத்தை மிதித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, நேரே ஹோமைப் பார்த்து ஓடினான். அரங்கத்தில் சத்தம் அடங்கிப்போனது. முதல் தளக்காரன் திடுக்கிட்டுப் பந்தைக் கேட்ச்சரிடம் எறிந்தான். கினோஷிதா சேற்றில் வயிற்றால் சறுக்கினான். கேட்ச்சரின் கையுறை அவன் முதுகில் இறங்கியபோது அவனுடைய விரல்கள் ஹோம் தட்டின் மேல் இருந்தன.

நடுவர் கைகளைப் பக்கவாட்டில் விரித்தார். அவுட் இல்லை, ஓட்டம்.

பையன்கள் கினோஷிதாவின் மேல் விழுந்தார்கள். அப்புறம் இரண்டு அணியும் வரிசையாக நின்று வணங்கின. துறைமுகத்துப் பையன்கள் அழுதார்கள். அவர்களுடைய அணித்தலைவன், வெற்றி வேண்டித் தங்கள் பள்ளியில் மடித்துக் கோத்த காகிதக் கொக்குச் சரத்தைக் கொண்டுவந்து மாகியின் கையில் கொடுத்து, "எங்களுக்கும் சேர்த்து ஜெயித்துவிடு," என்றான். அவன் கன்னமெல்லாம் சேறு. மாகி அவனைக் கட்டிக்கொண்டான். மாகியின் கன்னத்திலும் சேறு ஒட்டியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

இசோகாய் மைதானத்தைக் குறுக்கே கடந்து நடந்து வந்தார். நாகுமோ இடுப்பு வரை குனிந்தான். நிமிரவே இல்லை.

"அந்தப் பையன் பெயர் என்ன?" என்று கேட்டார் இசோகாய்.

"கினோஷிதா."

"பண்டுக்கு இரண்டாம் தளத்திலிருந்து ஹோமுக்கு ஓடலாம் என்று நான் உனக்குச் சொல்லித்தந்தேனா?"

"இல்லை, சென்செய்."

"நான் அவனை மூன்றாம் தளத்திலேயே நிறுத்தியிருப்பேன்."

நாகுமோ நிமிர்ந்தான்.

"நானும் நிறுத்தத்தான் கையைத் தூக்கினேன்."

"பார்த்தேன்."

தூரத்தில் பையன்கள் கினோஷிதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார்கள். இசோகாய் தொப்பியைக் கழற்றி, அவனைப் பார்த்தார்.

"நல்லவேளை," என்றார். "நம் இரண்டு பேர் பேச்சையும் அவன் கேட்கவில்லை."