ஐந்தாவது மண்டலம்

“தாயே, இந்தத் தடவை ரொம்பக் கடுமையா ஒரு விரதம் கொடுங்க” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் தெய்வேந்திரன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மடத்துச் சமையல்காரன். இந்த மனுசனுக்கு நாலு மண்டலம் உப்பில்லாமல் பொங்கிப் போட்டவன்.

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். கையில் மஞ்சள் காப்பு, வெறுங்கால், ஒரே வேளைச் சாப்பாடு, விடியும் முன்னே மலையைச் சுற்றி நடை. ஒரு நாள் பிசகமாட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரை நன்றாக இறங்கும். காப்பை அவிழ்த்தாரோ இல்லையோ, பரோட்டா, அல்வா என்று இறங்கிவிடுவார். ஒரே மாதத்தில் எல்லாம் பழையபடி ஏறிவிடும்.

நாலாவது மண்டலத்தில் காலில் முள் தைத்தது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவேயில்லை. சீழ் பிடித்து, இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

அப்படியும் வந்து நிற்கிறார், வெறுங்காலோடு!

எங்கள் குரு ஞானசுந்தரி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“இப்படியே போனா பாதத்தையே எடுக்கணுமாம்.” குனிந்து இடது காலைப் பார்த்துக்கொண்டார். “பயமா இருக்கு தாயே. நாள் பூரா கடையில நின்னு பொழைக்கிறவன். காலு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? காப்பு கட்டி விடுங்க.”

“எப்ப அவிழ்ப்பீங்க?”

“மாசி பதினெட்டு, வெள்ளிக்கிழமை.” பட்டென்று வந்தது பதில்.

“அன்னைக்கு என்ன சாப்பாடு?”

“வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது தாயே.” தலையைச் சொறிந்தார். “ஞாயித்துக்கிழமைக்குத்தான் பிரியாணி சொல்லி வச்சிருக்கேன்.”

கையிலிருந்த கரண்டியை வீசிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அம்மாவே கண்ணை மூடிக்கொண்டு, “அடக் கடவுளே” என்றார்.

“ஆஸ்பத்திரியில கொடுத்த செருப்பு எங்க?”

“கார்ல கிடக்கு. விரதத்துக்கு வர்றவன் செருப்போடவா வருவேன்?”

அம்மா எழுந்து போனார். அந்தச் செருப்பைத் தன் கையாலேயே எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

“ஐயையோ தாயே! நீங்க போய் என் செருப்பை...”

“போட்டுக்குங்க. வாய்க்கால் வரைக்கும் நடந்துட்டு வாங்க. வந்ததும் காலைக் கழுவி, உள்ளங்காலைப் பாருங்க. அப்புறம் நம்ம சமையல்காரர் வைக்கிற அளவு சோறு, நிறையக் காய். உப்பு போட்டே.”

“அவ்வளவுதானா? இதுல என்ன கஷ்டம் இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

அவருக்கு மனசே ஆறவில்லை. ஒரு செருப்பை மாட்டிவிட்டு நின்றார்.

“சரி தாயே, எத்தனை நாளைக்கு?”

அம்மா அவரையே பார்த்தார்.

“காலையில பல் விளக்கினீங்களா?”

“விளக்கினேனே.”

“அது எத்தனை நாள் விரதம்?”