பல் ஆஸ்பத்திரிச் சுவர்

ஒட்டன்சத்திரத்தில் சடையாண்டி மேஸ்திரியிடம் வேலை கொடுக்காதவர்கள் பாக்கியசாலிகள். பல் டாக்டர் ஞானசௌந்தரி போன மாதம்வரை அந்தப் பாக்கியசாலிகளில் ஒருவர்.

அவருடைய சிகிச்சை அறைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே மேஸ்திரி இரண்டு ஜிப்சம் போர்டுகளை நிறுத்திச் சுவர் எழுப்பியிருந்தார். இரண்டும் சேரும் ஜாயிண்டில் இடைவெளி. உள்ளே பல் பிடுங்கும் கூச்சல் அதன் வழியே வர, காத்திருப்பவர்கள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள்.

ஜாயிண்டைப் பட்டி மாவு பூசி அடைக்க வேண்டும், தடவினால் கைக்குத் தெரியக் கூடாது, சத்தம் வெளியே கேட்கக் கூடாது, இன்றே முடியாவிட்டால் அடுத்து வரப்போகும் மாடி வேலை வேறு ஆளுக்கு என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். மாடி வேலையை நம்பித்தான் மேஸ்திரி தன் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார், பாவம்.

முதலில் ஜாயிண்டைத் தடவிப் பார்த்தார். சிமெண்ட் குழைத்துக் காய்த்துப்போன கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட்டாளிகள் குருசாமிக்கும் அய்யாவுக்கும் தெரியவில்லை. அப்புறம் பட்டி எதற்கு?

அடுத்தது சத்தம். பல்வலி பெரிய வலி, ஒருத்தன் கத்தினால் போதாது என்றார் அய்யாவு. அதனால் மூவரும் உள்ளே போய்த் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு, வெளியே யாருக்காவது கேட்டதா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். வெளியே இருந்தவர் எவருமில்லை, கேட்டவரும் எவருமில்லை. கூடத்தில் விசாரிக்கலாமென்றால் அதுவும் காலி.

காலிக் கூடத்தைப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் சாப்பிட்டு வரதுக்குள்ள இந்த ஜாயிண்டே இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஒத்தப் போர்டுல ஜாயிண்ட் வருமாண்ணே?" என்றார் குருசாமி.

"எப்படி வரும்? இன்னொண்ணு வந்து பக்கத்துல நின்னாத்தான வரும்."

"அப்ப எது பின்னால வந்துச்சோ அதுதான் குத்தவாளி."

இடது பக்கத்துப் போர்டு பின்னால் வந்தது என்று முடிவாயிற்று. அதைக் கழற்றித் தெருவில் வைத்தார்கள்.

டாக்டரம்மா பின்வாசல் வழியாகச் சிகிச்சை அறைக்குள் வந்தார். அங்கிருந்தே கூடம் தெரிந்தது, கூடத்தைத் தாண்டி டீக்கடை தெரிந்தது, டீக்கடையில் இருந்தவர்களுக்கு டாக்டரம்மா தெரிந்தார். கூடத்தில் நின்றிருந்த மேஸ்திரி, "அம்மா, நான் பேசுறது கேக்குதுங்களா?" என்று உரக்கக் கத்தினார். டாக்டரம்மா வாயடைத்து நின்றார்.

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. "துளிக்கூட கேக்கல அவங்களுக்கு" என்று குருசாமியைக் கட்டிக்கொண்டார். "சாமானெல்லாம் மாடிக்கு ஏத்துங்கடா."