முள்ளம்பன்றி சொன்ன சாட்சி

ஒரு காட்டில் கரடி ஒன்று பாறை மேல் நின்று பிரசங்கம் செய்து வந்தது. அதன் குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும். அது அழுதால் கீழே நிற்கும் மான்களும் அழும். எல்லா மிருகங்களும் அதைக் கரடியண்ணன் என்றே கூப்பிட்டன.

ஒரு கோடையில் கரடி வானத்தைப் பார்த்துக் கைகளைத் தூக்கி ஜெபித்தது. அன்று சாயங்காலமே மழை கொட்டியது. முதல் நாளே எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியிருந்தன. ஆனால் எறும்பை யார் கவனிக்கிறார்கள்?

அதற்குப் பிறகு கரடி சொன்னதுதான் காட்டுக்குச் சட்டம்.

"கிடைக்கிறதுல பத்துல ஒண்ணை என் குகைக்குக் கொண்டு வாங்க. பஞ்சம் வந்தா எல்லாருக்கும் பங்கு உண்டு," என்றது கரடி.

துணையை இழந்த முள்ளம்பன்றி ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. நகம் தேயத் தோண்டி எடுத்த கிழங்கில் அது பத்துக்கு இரண்டாகக் கொடுத்தது.

"ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு என் குட்டி பேருக்கு அண்ணே," என்று சொல்லி வைத்துவிட்டுப் போகும்.

குகை ஒன்று மூன்றானது. கரடி நடப்பதை நிறுத்திவிட்டுக் காட்டெருமை முதுகில் ஏறிப் போக ஆரம்பித்தது.

"நாலு காடு சுத்தணும். ஊழியம் அவசரம். நடந்து போனா ஆகுமா?" என்று கேட்டது. எல்லா மிருகங்களும் ஆமாம் என்று தலையாட்டின. காட்டெருமைக்கு மட்டும் முதுகு வலித்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மண் பாறையாக இறுகியது. எவ்வளவு தோண்டியும் முள்ளம்பன்றிக்குக் கிழங்கு கிடைக்கவில்லை. குட்டி எழுந்து நிற்கக்கூட முடியாமல் படுத்துவிட்டது. முள்ளம்பன்றி கூட்டம் நடக்கும் பாறைக்கு ஓடியது.

"அண்ணே, நாலு கிழங்கு குடுங்க. பிள்ளை பசியில கிடக்கு."

கரடி கண்ணீர் விட்டது. "உன் கஷ்டத்தை வானம் பார்க்குதும்மா. விசுவாசமாப் பொறுத்திரு."

"பொறுக்கிறேன் அண்ணே. ஆனா இத்தனை நாளா நாங்க எல்லாரும் குடுத்தது எங்கே இருக்கு? ஒரு தடவை காட்டுங்களேன்."

கரடி பதில் சொல்லத் தேவையே வரவில்லை. முயல்தான் குதித்து முன்னால் வந்தது. அதுவும் இரண்டு நாளாகப் பட்டினி.

"யாரைப் பார்த்து என்ன கேக்குற அக்கா? இந்தச் சந்தேகத்தாலதான் உன் பிள்ளை படுத்துக் கிடக்கு!"

"ஆமா, ஆமா," என்றன மான்கள். எல்லாம் சேர்ந்து அதைத் தள்ளி வெளியே விட்டன. "பாவம், மன்னிச்சு விடுங்க," என்றது கரடி, மிகவும் இதமாக.

மூன்றாம் நாள் குட்டி செத்துப்போனது. இதைச் சொல்லவே எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் தொடங்கி ஒரு வாரம் மழை பெய்தது. மண் இளகியது. முள்ளம்பன்றி தோண்டியதும் முதல் குத்திலேயே ஒரு கிழங்கு வந்தது. அதைச் சாப்பிட அங்கே குட்டி இல்லை. முள்ளம்பன்றி வெகுநேரம் அந்தக் கிழங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பிறகு அதை வாயில் கவ்விக்கொண்டு பாறைக்கு வந்தது.

அங்கே அவரவர் தங்களுக்கு நடந்ததை எல்லோரிடமும் எடுத்துச் சொல்லும் சாட்சி நேரம். முள்ளம்பன்றி எல்லோர் முன்னாலும் ஏறி நின்றது.

"நான் கேக்கக்கூடாததைக் கேட்டேன். அதனாலதான் என் பிள்ளை போயிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

அது கிழங்கைக் கரடியின் காலடியில் வைத்தது. கூட்டமே அழுதது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கரடி அழுதது.

அப்போது பின்னால் இருந்த குகைகளிலிருந்து ஒரு வாடை வந்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, குவிந்து கிடந்த கிழங்கெல்லாம் அழுகிப்போன வாடை. மான்களுக்கும் அது எட்டியது. முயலின் மூக்கு துடித்தது. முயல் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்தது.

கொடுத்தது எங்கே என்று கேட்கிறவரின் வாயை அடைக்கும் கூட்டம், ஏமாற்றுகிறவனின் பாவத்தில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது.