பங்குக் கல்

"கண்மாய் உடைஞ்சு போச்சு தாயி! ஒருத்தன், ஒரே ஒருத்தன் மண்வெட்டியோட வரல. இந்த ஊருக்கு நன்றிங்கிறதே கிடையாதா?"

இருளாண்டி மண்ணில் உட்கார்ந்து அழுதார். அறுபத்திரண்டு வயசு ஆள்.

அவருடைய குரு சிட்டம்மாவுக்கு அவரைவிட இருபது வயசு குறைவு. மலையடிவாரத்தில் குடிசை. வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அந்த நாலும் சுடும்.

"தூர் வாரினது யாரு அண்ணே?"

"நான்தான். முப்பது வருசமா யாரும் தூர் வாராம உள்ளுக்குள்ள மேடு தட்டிக் கருவேலம் மண்டிக் கெடந்த கண்மாய். மெஷின் வச்சுப் பத்தே நாள்ல முடிச்சேன். ஊர்ல யாரையும் ஒரு கூடை மண்ணு சுமக்க விடல."

"கரை?"

"அதுவும் நான்தான் போட்டேன்."

"உடைஞ்சப்ப எங்க இருந்தீங்க?"

இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"டவுன்ல. கண்மாய் வாரினதுக்குச் சால்வை போத்துறோம்னு கூப்பிட்டாங்க."

என்னத்தைச் சொல்ல! தோளில் சால்வை விழுந்த நேரம் ஊரில் கண்மாயே இல்லை.

"ஓட்டையை முதல்ல பாத்தது யாரு?"

"தெரியாது தாயி."

"கேட்டுட்டு வாங்க."

கேட்டுக்கொண்டே போனார். பூச்செண்டு வீட்டில் போய் நின்றது கேள்வி. புருஷன் செத்து மூணு வருசம். கரைக்குக் கீழே பட்டி போட்டு ஆடு வளர்த்துப் பிழைக்கிறவள்.

"நான்தான் பாத்தேன் மாமா. விரல் நுழையிற ஓட்டை. சேலையைக் கிழிச்சு அடைச்சேன், நிக்கல. ஊருக்குள்ள ஓடி வீடு வீடாக் கதவத் தட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அது இருளாண்டி கரை, அவர்கிட்டச் சொல்லு'ன்னாங்க. உங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு. நான் திரும்பி வர்றதுக்குள்ள…"

பட்டியைக் காட்டினாள். பதினோரு ஆடு நின்ற இடத்தில் சேறு கிடந்தது. பாவி மனுசருக்கு அப்போதுதான் ஆட்டு நினைப்பே வந்தது.

"முன்னெல்லாம் இப்படியா மாமா? வீட்டுக்குப் பன்னெண்டு முழம் கரைன்னு பங்கு இருந்துச்சு. எங்க பங்குல எறும்பு வளை போட்டாக்கூட எங்க வீட்டுக்காரரு சோத்தத் தள்ளி வச்சிட்டு ஓடுவாரு. எல்லைக்கு ஒரு கல்லு நட்டு, அதுல ஆட்டுக்கொம்பு செதுக்கியிருந்தாரு. அந்தக் கல்லு எங்க மாமா? அவரு கையால செஞ்சதுன்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

இருளாண்டி அங்கே நிற்கவில்லை. நேரே மலையடிவாரத்துக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார்.

"கல்லெல்லாம் எங்க?" என்றார் சிட்டம்மா.

"மெஷினுக்கு இடைஞ்சலா இருந்துச்சு. பிடுங்கிப் போட்டேன்."

"எங்க?"

"கரை முனையில… எம் பேரு போட்ட மேடை இருக்குல்ல தாயி. அதுக்கு அடியில போட்டுக் கட்டிட்டேன்."

சிட்டம்மாவின் கண் கலங்கியதை இருளாண்டி அன்றுதான் பார்த்தார். குடிசைக்குப் பின்னால் போய் ஒரு கடப்பாரையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலையில் இருளாண்டி தனியாளாய் மேடையை இடித்தார். பேர் எழுதிய பளிங்கு முதலில் போனது. அடியிலிருந்து கற்கள் வந்தன. பனைமரம் செதுக்கியது, மீன் செதுக்கியது, அகப்பை செதுக்கியது.

தூரத்தில் நின்று பார்த்த சனம் மெல்லக் கிட்ட வந்தது. ஒருத்தரும் அவரோடு பேசவில்லை. அவரவர் வீட்டுக் கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு கரையேறினார்கள்.

பூச்செண்டு ஆட்டுக்கொம்புக் கல்லை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு கல்லோடு எழுந்து, மடையிலிருந்து காலடியால் முழம் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். அவள் வீட்டுப் பங்கு ஏழாவது.

ஏழாவது பங்கில் கரை இல்லை. உடைப்பு அங்கேதான் விழுந்திருந்தது. கல்லை ஊன்ற ஒரு பிடி மண் கிடையாது. கல்லைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றாள்.

இருளாண்டிக்கு நெஞ்சு தாங்கவில்லை. ஓடிப்போய்க் கூடை நிறைய மண் அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கீழ வைங்க மாமா," என்றாள் பூச்செண்டு. "இது எங்க வீட்டுப் பங்கு."

"அப்ப நான் என்னம்மா செய்ய?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடிந்த மேடையைக் காட்டினாள். அங்கே ஒரே ஒரு கல் மட்டும் எடுக்க ஆளில்லாமல் மிச்சம் கிடந்தது. அதில் கலப்பை செதுக்கியிருந்தது.

"உங்க வீட்டுக் கல்லு இன்னும் அங்கேயே கெடக்கு."